படத்தைப் பார்த்துவிட்டு ஆளைப் படித்ததாக நினைக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகத்தை வைத்து ஆளை எடை போடும் வழிகளைச் சொல்லித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். அகன்ற நெற்றி என்றால் அறிவு, மெல்லிய உதடு என்றால் கஞ்சத்தனம், கூடிய புருவம் என்றால் முன்கோபம் என்று நீண்ட பட்டியல். "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்று தொடங்கி, "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" நெஞ்சில் உள்ளதை முகம் காட்டும் என்ற குறளையும் சாட்சிக்கு அழைத்திருந்தார் கட்டுரையாளர். உளவியல் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலை மறுப்பது சுலபம், அதோடு நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. வாசகர் ஒருவரின் முகத்தில் படிப்பதாக நினைப்பதில் பெரும்பங்கு அந்தப் புகைப்படத்தின் வேலை. எந்தப் படம் அச்சேற வேண்டும் என்று முடிவு செய்வது செய்தித்தாள். எங்கள் கோரிக்கை அங்கேதான் இருக்கிறது.

முதலில் குறளை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுவோம். பளிங்கு உவமை வருவது குறிப்பறிதல் அதிகாரத்தில். கூடவே இருந்து பழகியவர், எதிரில் இருப்பவரின் அந்த நேரத்து விருப்பையும் வெறுப்பையும் முகத்தில் பிடித்துக்கொள்வதைப் பற்றிய பேச்சு அது. மூக்கின் நீளத்தை வைத்து நாணயத்தை அளக்கச் சொல்லவில்லை. உருவு கண்டு எள்ளாதே என்பதும் அதே நூல்தான். முகத்தில் இனிக்கச் சிரித்து நெஞ்சில் வஞ்சம் வைத்திருப்பவருக்கு அஞ்சு என்பதும் அதே நூல்தான். வந்து போகும் உணர்ச்சி ஒன்று, ஆளின் நிலையான குணம் இன்னொன்று. கட்டுரை இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டது.

உணர்ச்சியைப் படிப்பதிலேயே நாம் நினைக்கும் அளவுக்குத் தேர்ச்சி கிடையாது. லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். கோபம் வரும்போது மனிதர்கள் புருவத்தை நெரித்து முகத்தைச் சுளிப்பது சராசரியாக 100-க்கு 30 தடவைதான் என்பது அதில் ஒரு முடிவு. மற்ற தடவைகளில் கோபம் வேறு விதமாக வெளிப்படும், அல்லது முகத்துக்கு வராமலே போகும். கணக்குப் போடும்போதும், வெயிலில் நிற்கும்போதும், வயிற்றைப் பிசையும்போதும் அதே சுளிப்பு வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொய்யைக் கண்டுபிடிப்பதிலும் இதே கதி. சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டீபோலோவும் 2006-இல் தொகுத்த ஆய்வுகளில் சராசரி வெற்றி 54 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். "திருட்டு முழி முழிக்கிறான்" என்று சொல்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது அந்த நான்குதான்.

இவ்வளவு பலவீனமான கணிப்பு ஏன் இவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது? முதல் காரணம் வேகம். ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், அறிமுகமில்லாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டினார்கள். கவர்ச்சி, பழகத் தோன்றுவது, நம்பகம், திறமை, முரட்டுத்தனம் ஆகிய ஐந்தையும் பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். வேறு சிலருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். இரு சாராரின் மதிப்பீடுகளும் பெரிதும் ஒத்துப்போயின. நம்பகத்தில் ஒற்றுமை மிக அதிகம். அரை நொடியாக்கியபோது மதிப்பீடு சற்றுக் கடுமையானது, தன்னம்பிக்கை கூடியது. ஒரு நொடியாக்கியபோது கூடியது தன்னம்பிக்கை மட்டும். "நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்" என்பவர், பெரும்பாலும் முதல் பார்வையில் எடுத்த முடிவுக்கே முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது காரணம், பலரும் ஒரே மாதிரி சொல்வது. நான்கு பேர் ஒரு படத்தைப் பார்த்து "ஆள் சரியில்லை" என்றால் ஐந்தாமவருக்கு அது சான்றாகவே படுகிறது. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள்கூட "நல்லவர்", "கெட்டவர்" என்று முகங்களைப் பிரிப்பதில் பெரியவர்களோடு ஒத்துப்போகிறார்கள் என்பது 2014-இல் வெளியான ஆய்வு. ஆனால் ஒருமித்துச் சொல்வதும் சரியாகச் சொல்வதும் வேறு. எல்லாரும் ஒரே அளவுகோலை வைத்திருந்தால் எல்லாருக்கும் ஒரே அளவுதான் வரும், அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்பது தனிக் கேள்வி.

அது எதை அளக்கிறது என்பதற்கு இப்போது ஓரளவு தெளிவான விடை உண்டு. நிகோலாஸ் ஊஸ்டர்ஹாஃபும் டொடோரோவும் 2008-இல் கணினியில் முகங்களை உருவாக்கி, மக்களின் மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு அச்சுகளில் அடங்குவதைக் காட்டினார்கள். ஒன்று நம்பலாமா என்பது. மற்றது ஆதிக்கம் செய்பவரா என்பது. நம்பகத்தின் திசையில் ஒரு சாதாரண முகத்தை மேலும் மேலும் தள்ளிக்கொண்டே போனால், ஒரு முனையில் அது சிரிக்கத் தொடங்குகிறது, மறுமுனையில் கோபப்படத் தொடங்குகிறது. அதாவது, வாயோரம் பிறவியிலேயே சற்று மேல்நோக்கி இருந்து, புருவத்தின் உள்முனை சற்று உயர்ந்திருந்தால், அவர் சும்மா இருக்கும்போதும் இலேசாகச் சிரிப்பவர் போலத் தெரிகிறார். உடனே "நல்ல மனிதர்" ஆகிவிடுகிறார். வாயோரம் கீழே சரிந்து, புருவத்தின் உள்முனை தாழ்ந்திருந்தால் "சிடுமூஞ்சி". எலும்பும் தசையும் அமைந்த விதத்தை உணர்ச்சியாகவும், அந்த உணர்ச்சியைக் குணமாகவும் இரண்டு தடவை தவறாக மொழிபெயர்க்கிறோம், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில்.

பால் வடியும் முகம் என்கிறோமே, அதற்கும் இப்படி ஒரு தனிக் கணக்கு உண்டு. பெரிய கண், சிறிய மோவாய், உருண்டை முகம், உயர்ந்த புருவம். இவை குழந்தையின் அடையாளங்கள் என்பதால், வளர்ந்தவரிடம் கண்டாலும் கள்ளமில்லாதவர், பலவீனமானவர் என்று தோன்றுகிறது. லெஸ்லி செப்ரோவிட்ஸ், சூசன் மெக்டொனால்ட் இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிறு வழக்கு நீதிமன்றங்களில் 500-க்கும் மேற்பட்ட வழக்குகளைக் கவனித்து 1991-இல் எழுதினார்கள். வேண்டுமென்றே செய்தார் என்ற குற்றச்சாட்டில் குழந்தைமுகக்காரர் தப்புவது கூடுதல். கவனக்குறைவால் நேர்ந்தது என்ற குற்றச்சாட்டில் அதே முகக்காரர் மாட்டுவது கூடுதல். "இவன் திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டான், ஆனால் அசட்டையாக விட்டிருப்பான்" என்று முகமே வாதாடிவிடுகிறது. ஒரே முகம் ஒரு வழக்கில் வரமாகவும் இன்னொரு வழக்கில் சாபமாகவும் ஆவதை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய ஆய்வு குறைவு.

இதற்கு மேல் சொந்த அனுபவமும் வந்து கலக்கிறது. ஓரியல் ஃபெல்ட்மன்ஹால் குழுவின் 2018 ஆய்வில், பண விளையாட்டில் ஏமாற்றியவரின் சாயல் இருந்த புதிய முகங்களை மக்கள் குறைவாக நம்பினார்கள். சாயல் இருப்பதே தெரியாமல்தான் அப்படிச் செய்தார்கள். பழைய கணக்கைப் புதிய ஆளிடம் தீர்த்துக்கொள்கிறோம்.

தேர்தலில் இது வேலை செய்வது பலரும் கேள்விப்பட்டதுதான். அமெரிக்க செனட் வேட்பாளர் இருவரின் படங்களை ஒரு நொடி காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டபோது, அந்த விடையும் வெற்றியும் ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் போட்டிகளில் ஒத்துப்போனதாக டொடோரோவ் குழு 2005-இல் வெளியிட்டது. 2009-இல் ஜான் அன்டோனாகிஸும் ஓலாஃப் டால்காஸும், பிரெஞ்சு வேட்பாளர்களில் யாரைக் கப்பல் தலைவராக வைத்துக்கொள்வீர்கள் என்று சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் கேட்டார்கள். அந்தத் தேர்வும் தேர்தல் முடிவை நோக்கியே சாய்ந்தது. முகம் வாக்குகளை இழுக்கிறது என்பதற்குத்தான் இது சான்று. வென்றவர் திறமைசாலி என்பதற்கு அல்ல. இந்த ஆய்வையும் துணைக்கு அழைத்திருந்த கட்டுரையாளர், அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முகத்தில் எதுவுமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வயது, களைப்பு, நோயின் அறிகுறி தெரியும். கலகலப்பாகப் பழகும் இயல்பு போன்ற சிலவற்றில், சில ஆய்வுகளில், தற்செயலைச் சற்றே மிஞ்சிய கணிப்பு கிடைத்திருக்கிறது. ஆனால் "சற்றே மிஞ்சியது" நடைமுறையில் எதற்கு உதவும் என்று பார்க்கலாம். 100 பேரில் 5 பேர் ஏமாற்றுபவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் பார்ப்பவர் 60 விழுக்காடு சரியாகச் சொல்பவர் என்று தாராளமாகவே கொடுத்துவிடுவோம். அவர் 5 பேரில் 3 பேரைப் பிடிப்பார். மீதி 95 நேர்மையானவர்களில் 100-க்கு 40 வீதம், அதாவது 38 பேரைத் தவறாகச் சந்தேகிப்பார். அவர் விரல் நீட்டிய 41 பேரில் உண்மையில் ஏமாற்றுபவர்கள் 3 பேர். கண்ணை மூடிக்கொண்டு "எல்லாரும் நேர்மையானவர்கள்" என்று சொல்பவர் 95 தடவை சரி. நம் முகக்கலை நிபுணர் 60 தடவை சரி.

இந்த 38 பேரின் கதை யாருக்கும் திரும்பி வருவதில்லை என்பதுதான் நம்பிக்கை சாகாமல் இருப்பதற்குக் காரணம். முகம் பிடித்து வேலைக்கு எடுத்தவர்களில் சிலர் நன்றாக வேலை செய்வார்கள்: "பார்த்தவுடனே சொன்னேன்!" முகம் பிடிக்காமல் திருப்பி அனுப்பியவர் வேறெங்கோ நன்றாக இருப்பார், அது நம் காதுக்கு எட்டாது. எடுத்தவர், அனுப்பியவர், அவர்களில் நன்றாகச் செய்தவர், செய்யாதவர் என்று நான்கு கட்டம் போட்டால், அனுப்பியவர்களின் இரண்டு கட்டங்களும் எப்போதும் காலியாகவே இருக்கும். போதாததற்கு, சந்தேகத்தோடு பார்ப்பவரிடம் யாரும் இயல்பாகப் பேச மாட்டார்கள். நாம் இறுகினால் எதிரில் இருப்பவரும் இறுகுவார், அந்த இறுக்கத்தையே சான்றாக எழுதிக்கொள்வோம்.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1770-களில் சுவிட்சர்லாந்துப் பாதிரியார் லவாட்டர் எழுதிய முகக்கலைத் தொகுதிகள் ஐரோப்பா முழுக்கப் பரவின. அந்த நம்பிக்கை இருந்ததால்தான், பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய் 1831-இல் டார்வினின் மூக்கைப் பார்த்து, இவருக்கு இந்தப் பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று தயங்கினார். டார்வினே தன் வாழ்க்கைக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். மூக்கு பொய் சொல்லிவிட்டது என்று ஃபிட்ஸ்ராய்க்குப் பிறகு தெரிந்திருக்கும் என்றும் கிண்டலாகச் சேர்த்திருக்கிறார். 1876-இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ பிறவிக் குற்றவாளியின் முக அடையாளங்களைப் பட்டியலிட்டார். 1913-இல் சார்ல்ஸ் கோரிங் இங்கிலாந்துக் கைதிகளை அளந்து பார்த்து, அப்படித் தனி வார்ப்பு எதுவும் இல்லை என்று காட்டினார். அதற்கு முன்பே, ஆங்கிலேய அறிவியலாளர் கால்டன் குற்றவாளிகளின் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதித்துக் "குற்றவாளி முகத்தை" எடுக்கப் பார்த்தார். கலந்து வந்த முகம் தனித்தனிப் படங்களை விட லட்சணமாக இருந்தது! நூறு வருடம் கழித்தும் அதே பட்டியல் வார இணைப்பில் வருவதுதான் வியப்பு.

இனி எங்கள் முக்கியப் பேச்சுக்கு வருகிறோம். ஒரு முகம், ஒரு படம் என்று நினைப்பதே முதல் பிழை. ராப் ஜென்கின்ஸ் குழு 2011-இல் செய்த சோதனையைத் தங்கள் அலுவலகத்திலேயே செய்து பார்க்கலாம். உங்கள் ஆட்களுக்கு அறிமுகமே இல்லாத, ஓரளவு சாயல் ஒத்த இருவரைத் தேர்ந்தெடுங்கள். வேற்று நாட்டுத் தொலைக்காட்சி முகங்கள் சரிப்படும். ஒவ்வொருவருக்கும் 20 படம், வெவ்வேறு நாள், வெவ்வேறு கேமரா. ஒரே நிகழ்ச்சியில் எடுத்த படங்களை வைத்தால் சட்டையும் பின்னணியும் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே முகத்தை மட்டும் ஒரே அளவில் வெட்டி அச்செடுங்கள். 40 அட்டைகளையும் கலைத்துக் கொடுத்து, "ஆளுக்கு ஒரு குவியலாகப் பிரியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. ஜென்கின்ஸ் சோதனையில் இருந்தவர்கள் இரண்டு நெதர்லாந்துப் பிரபலங்கள். பிரிட்டனில் பலர் ஒன்பது பேர் இருப்பதாகப் பிரித்தார்கள். அந்த இருவரையும் அறிந்த நெதர்லாந்துக்காரர்கள் தடுமாறாமல் இரண்டே குவியல் வைத்தார்கள். தெரிந்த முகத்தில் நமக்கு இருக்கும் தேர்ச்சியைத் தெரியாத முகத்துக்கும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். தொழில் அனுபவமும் இதைத் திருத்துவதில்லை. ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அதிகாரிகளை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், எதிரில் நிற்பவர் வேறொருவரின் படத்தைக் காட்டியபோது, 14 விழுக்காடு தடவை அது அவருடையதுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். பணியாண்டு கூடியதால் பிழை குறையவில்லை.

ஒரே ஆளின் படங்களுக்குள் இவ்வளவு வேறுபாடு என்றால், குணத்தைப் பற்றிய எண்ணமும் படத்துக்குப் படம் மாறத்தானே செய்யும்? டொடோரோவும் ஜெனி போர்ட்டரும் 2014-இல் அதைத்தான் காட்டினார்கள். ஒருவரின் சில படங்களைக் கொடுத்து, தேர்தல் பிரசாரத்துக்கு ஒன்று, திரைப்பட வில்லன் வேடத்துக்கு ஒன்று என்று எடுக்கச் சொன்னால், மக்கள் தயங்காமல் வெவ்வேறு படங்களை எடுக்கிறார்கள். செய்தித்தாளில் படங்களைத் தேர்ந்தெடுக்கும் பட மேசையில் தினமும் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதைத் தவிர.

படத்தில் எது வில்லனாக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். முதலில் தூரம். கேமரா மூக்கு நுனியிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். காது அதற்கு மேலும் 12 செ.மீ. பின்னால், அதாவது 42 செ.மீ. தள்ளி. மூக்கு காதை விட 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். அதே ஆளை 150 செ.மீ. தள்ளி நின்று எடுத்தால் 162-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும், 1.08 மடங்குதான். கிட்டத்தில் எடுத்த படத்தில் மூக்கு சுமார் 30 விழுக்காடு பருத்துத் தெரியும் என்று 2018-இல் வெளியான செல்ஃபி பற்றிய கணிப்பும் இதே அளவைத்தான் சொல்கிறது. லென்ஸ் மேல் பழி போடுவது வழக்கம். கோளாறு தூரத்தில் இருக்கிறது. அகலக் கோண லென்ஸ் நம்மைக் கிட்டே போக வைக்கிறது, அவ்வளவுதான். இதற்கும் நம்பகத்துக்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. 45 செ.மீ., 135 செ.மீ. தூரங்களில் ஒரே ஆட்களை எடுத்து 2012-இல் சோதித்தபோது, கிட்டத்தில் எடுத்த படத்தில் இருந்தவர் நம்பத் தகாதவராகத் தெரிந்தார்.

அடுத்தது தலையின் சாய்வு. முகத்தில் எந்தத் தசையும் அசையாமல் தலையை மட்டும் சற்றுக் குனிந்தால், புருவம் உள்பக்கமாக இறங்கி நெரித்தது போலத் தோன்றும். பார்ப்பவர் அதிகாரத் தோரணை என்று படிக்கிறார். ஸாக்கரி விட்கோவர், ஜெசிகா டிரேசி இருவரும் 2019-இல் இதைக் காட்டினார்கள். கேமராவுக்கு முன் தலை குனிபவர் வெட்கத்தால் குனிகிறாரா, கூச்சத்தால் குனிகிறாரா என்பது படத்தில் தங்குவதில்லை. நேர் மேலே இருந்து விழும் விளக்கு கண்குழியை இருட்டாக்கி, கண்ணை மறைத்துவிடும். தூக்கமின்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும்: தூங்காதவரின் படத்தைப் பார்ப்பவர்கள் அவரை உடல்நலம் குன்றியவராக மதிப்பிடுவதை ஜான் ஆக்சல்சன் குழு 2010-இல் காட்டியது. கைதானவரின் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று இப்போது எண்ணிப் பாருங்கள். கை நீளத்தில் ஒரு கைபேசி, மேலே ஒற்றை விளக்கு, தூங்காத இரவு, மழிக்காத முகம், குனிந்த தலை. எந்த மனிதரை அந்த இடத்தில் நிறுத்தினாலும் "மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது" என்று வாசகர் சொல்வார்.

இதன் விலை சிறியதல்ல. ஜான் பால் வில்சன், நிக்கோலஸ் ரூல் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் படங்களை, வழக்கு விவரம் தெரியாதவர்கள் மதிப்பிட்டார்கள். நம்பகம் குறைந்தவை என்று பட்ட முகங்கள் ஆயுள் தண்டனையை விட மரண தண்டனைப் பக்கம் சாய்ந்திருந்தன. தண்டனை பெற்றுப் பிறகு நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்களிடமும் இதே சாய்வு இருந்தது. அவர்கள் குற்றமே செய்யாதவர்கள், ஆகவே முகம் குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது என்று சொல்ல அங்கே வழியே இல்லை.

பட மேசைக்கு நாங்கள் சொல்லக்கூடியது இது. ஒரு செய்தியில் இரு தரப்பு இருந்தால், இருவருக்கும் ஒரே வகைப் படம்: இருவருக்கும் மார்பளவுப் படம், அல்லது இருவருக்கும் நிகழ்விடப் படம். ஒருவருக்குப் பாஸ்போர்ட் அளவுப் படமும் இன்னொருவருக்குச் சிரிக்கும் குடும்பப் படமும் போடுவது தீர்ப்பு எழுதுவதற்குச் சமம். சொந்தப் புகைப்படக்காரர் எடுப்பதானால் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, கண் மட்டத்தில் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளட்டும். தொடர் படங்களில் இமை பாதி மூடிய, வாய் கோணிய நொடியை எடுக்காதீர்கள். பேசும் எவருக்கும் அப்படி நொடிகள் நிறைய உண்டு, அவை முகபாவம் ஆகா. பக்கத்தில் வைப்பதற்கு முன், செய்தியைப் படிக்காத ஒருவரிடம் படத்தை மட்டும் காட்டி "இவர் யாராக இருக்கும்?" என்று கேளுங்கள். "ஏதோ கேஸில் மாட்டியவர்" என்று பதில் வந்தால் வேறு படம் தேடுங்கள். படத் தலைப்பில் "உணர்ச்சியற்ற முகத்துடன்", "சற்றும் கலங்காமல்" போன்ற தொடர்களுக்கு வேலையே இல்லை. அதிர்ச்சியில் உறைந்தவரும் அப்படித்தான் இருப்பார்.

வார இணைப்பைப் படித்துவிட்டு ஆளெடுக்க உட்காரும் வாசகர்களுக்காக இன்டர்வியூ பற்றியும் சில வரிகள். கண்டபடி பேசிப் பார்த்து எடுப்பதற்கும், எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு மதிப்பெண் போட்டு எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை பால் சாக்கெட் குழு 2022-இல் கணக்கிட்டது. பிற்பாடு வேலையில் காட்டும் திறனோடு உள்ள தொடர்பு முதலாவதில் 0.19, இரண்டாவதில் 0.42. பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு. செய்முறை சுலபம்தான், கடைப்பிடிப்பதுதான் கடினம். விண்ணப்பத்தில் படத்தைக் கேட்காதீர்கள். கேட்டால் முதல் வடிகட்டலே முகத்தை வைத்து நடந்துவிடும். கேள்விகளையும், எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் முன்னாலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு விடை முடிந்ததும் அப்போதே மதிப்பெண் போடுங்கள். கடைசியில் மொத்தமாகப் போட்டால் "ஆள் பரவாயில்லை" என்ற ஒரே எண்ணம் எல்லாக் கட்டங்களிலும் நிரம்பிவிடும். அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் 1920-இலேயே ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் இதைக் கண்டார்: உடற்கட்டுக்குக் கிடைத்த மதிப்பெண் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் வழிந்திருந்தது. குழுவில் மூவர் இருந்தால் மூவரும் தனித்தனியே தாளை முடித்த பிறகே பேச வேண்டும். அதிலும் மூத்தவர் கடைசியாக. அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற இரண்டு பேனாக்களும் அவர் பக்கம் திரும்பிவிடும். பெரும்பாலான இடங்களில் முறை கெடுவது, தொடக்கத்தில் நடக்கும் ஐந்து நிமிடச் சும்மாப் பேச்சில்தான். அதற்கு மதிப்பெண் கிடையாது என்பார்கள், ஆனால் எல்லா மதிப்பெண்ணும் அதில்தான் முடிவாகும்.

மனிதர் தவறினால் கணினி சரியாகச் சொல்லும் என்று கட்டுரை முடிந்திருந்தது. 2016-இல் சீன ஆய்வாளர் இருவர், 1,856 முகப் படங்களை வைத்துக் குற்றவாளிகளை 89.5 விழுக்காடு சரியாகப் பிரிக்கும் நிரலை எழுதியதாக அறிவித்தார்கள். குற்றவாளிகள் அல்லாதோரின் படங்கள் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பக்கம் சட்டைக் காலரும் புன்னகையும் கூடுதலாக இருப்பதை விமர்சகர்கள் சுட்டினார்கள். அப்படியானால் நிரல் கற்றது முகபாவத்தையும் உடையையும், குற்றத்தை அல்ல. பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. கருவி வாங்கப் போகிறவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தப் படங்களைக் கொடுத்து இதைப் பழக்கினீர்கள், "நம்பத் தகாதவர்" என்று அந்தப் படங்களுக்கு அடையாளம் போட்டது யார்? மனிதர்கள் பார்த்துப் போட்டது என்றால், அது நம் முதல் பார்வையையே பெரிய அளவில் அச்சடித்துத் தரும்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு "இனி ஜாக்கிரதையாக இருப்பேன்" என்று யாரும் நம்பிக்கை கொள்ள வேண்டாம். பாஸ்டியன் யேகர் குழு 2020-இல் வெளியிட்ட சோதனைகளில், முகத்தால் தீர்ப்பு சாய்வதை மக்களுக்கு விளக்கிச் சொன்னார்கள். முகத்தில் குணம் தெரியும் என்ற நம்பிக்கை குறைந்தது. தீர்ப்பில் முகத்தின் சாய்வு குறையவில்லை. ஆகவேதான் புத்திமதியை விட்டு நடைமுறையைக் கேட்கிறோம். கண்ணுக்குப் படம் கிடைத்தால் அது தன் வேலையைச் செய்தே தீரும்.

கடைசியாக ஒன்று. கைது செய்தி மூன்று பத்தியில் படத்தோடு வருகிறது. விடுதலைச் செய்தி பெரும்பாலும் படமில்லாமல் உள்பக்கத்தில் நான்கு வரியில் வருகிறது. வாசகர் மனத்தில் தங்கியிருப்பது அந்தப் பழைய படம். விடுதலையான செய்தியை அதே அளவில், புதிதாக எடுத்த படத்தோடு போடுங்கள். அவர் படம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எப்படியானாலும் பழைய கைதுப் படத்தை ஆவணத்திலிருந்து எடுத்து அந்தச் செய்திக்கு மேலே வைக்காதீர்கள். இணையப் பதிப்பில் பழைய செய்தி இருந்தால் அதன் தலைப்பிலேயே விடுதலை விவரத்தைச் சேர்த்து, படத்தை நீக்குங்கள். தேடுபவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்தப் படம்தான்.

இப்படிக்கு,
உளவியல் கற்பிக்கும் வாசகர்கள் சிலர்